பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கலாமா? என்ன ஆர்வம் வேணும், என்ன திறமை வளர்க்கணும், எங்க போய் நிக்கலாம்: முழு வழிகாட்டி

ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற நேரத்துல ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வி வந்துடும், "எனக்கு அரசியல்னா உயிரு, பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கலாமா, எடுத்தா என்ன வேலை கிடைக்கும்"னு. வீட்ல கேட்டா "அதைப் படிச்சு எம்எல்ஏ ஆகப் போறியா"ன்னு பேச்சை முடிச்சிடுவாங்க, நெட்ல தேடினா ஐஏஎஸ் கோச்சிங் விளம்பரம்தான் வரிசையா வரும். ரெண்டுக்கும் நடுவுல, உண்மையிலேயே இந்தப் படிப்புக்கு என்ன மாதிரி மனசு வேணும், எதெதைப் பழகணும்னு நிதானமா சொல்றவங்க கம்மி. தமிழ்நாட்டுல இருந்து படிக்கப் போறவங்கள மனசுல வச்சு அதை முழுசா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். அரசியல் பிடிக்கிறது வேற, அரசியலைப் படிக்கப் பிடிக்கிறது வேற. யாரு ஜெயிப்பா, கூட்டணி யாரு கூட, மேடையில யாரு யாரைத் திட்டுனாங்கன்னு ராத்திரி வரைக்கும் டிபேட் பார்க்கிறவங்க எல்லாருக்கும் இந்தப் படிப்பு ஒத்து வராது. இதுக்கு வேண்டியது வேற ஒரு குடைச்சல்: இந்த முடிவை எடுத்தது யாரு, அவங்களுக்கு அந்த அதிகாரம் எந்தச் சட்டத்துல இருந்து வருது, பக்கத்து மாநிலத்துல ஏன் வேற மாதிரி நடக்குது, இதெல்லாம் தெரியாம விட மனசு வராத குணம். அது உங்ககிட்ட இருந்தா மத்ததைப் பழகிக்கலாம், அது இல்லாம மத்தது எல்லாம் இருந்தாலும் மூணு வருஷம் பாரமாத்தான் இருக்கும்.

படி 1: காலேஜ் அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி ஆர்வத்தைச் சோதிச்சுப் பாருங்க

இதுக்குக் காசு வேணாம், உங்க ஊர் போதும். உங்க தெருவுல ஒரு பிரச்சினையை எடுத்துக்கங்க, குடிதண்ணி, தெருவிளக்கு, பாதியில நிக்கிற ரோடு, ஏதாவது ஒண்ணு. அதை யாரு போடணும், பஞ்சாயத்தா ஒன்றியமா நெடுஞ்சாலைத் துறையா, பணம் மத்திய நிதிக்குழு மானியத்துல இருந்து வருதா மாநில அரசுகிட்ட இருந்து வருதா, ஏன் நின்னுச்சு, இதை மட்டும் கண்டுபிடிங்க. ஊராட்சின்னா கிராம சபைக்குப் போங்க, தமிழ்நாட்டுல இப்போ வருஷத்துக்கு ஆறு நாள் நடத்தணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க போய்ப் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்காம நோட்டுல எழுதுங்க: எத்தனை பேர் வந்தாங்க, குறைவெண் வரம்பு நிறைஞ்சுதா (3001ல இருந்து 10,000 பேர் வரைக்கும் இருக்கிற ஊராட்சின்னா 200 பேர் வந்திருக்கணும், 500 பேர் வரைக்கும்னா 50 போதும்), யாரு பேசினா, யாரு வாயே திறக்கல, பெண்கள் எங்க உக்காந்திருந்தாங்க, வரவு செலவு கணக்கைப் படிச்சாங்களா, தீர்மானம் எப்போ எழுதப்பட்டுச்சு. டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஏரியா சபை இருக்கு, மன்றக் கூட்டம் இருக்கு.

இதைச் செஞ்சுட்டு வந்து ராத்திரி உங்களுக்கு என்ன தோணுதுன்னு பாருங்க. "சீ, இவ்வளவுதானா"ன்னு சலிப்பு வந்தா பரவாயில்ல, வேற படிப்பு பார்க்கலாம், வருஷம் வீணாகல. "73வது திருத்தம் 1993ல அமலுக்கு வந்து இத்தனை வருஷம் ஆயிடுச்சு, ஊராட்சிக்கு இவ்வளவு அதிகாரம் எழுதி வச்சிருக்காங்க, அப்புறம் ஏன் எல்லாரும் ஒன்றிய ஆபீஸையே பார்த்துட்டு நிக்கிறாங்க"ன்னு தூக்கம் கெட்டுச்சுன்னா நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

படி 2: கருத்தைக் கேள்வியா மாத்தப் பழகணும்

இந்தத் துறையோட உயிரே இதுலதான் இருக்கு, அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

"356வது பிரிவை வச்சு மாநில ஆட்சியைக் கலைக்கிறது அநியாயம்". இது கருத்து, நம்ம ஊர்ல டீக்கடையில உக்காந்திருக்கிற எல்லாருக்கும் இது இருக்கும், தப்பில்ல. ஆனா பொலிட்டிகல் சயின்ஸ் மாணவர் அதே விஷயத்தை இப்படிக் கேக்கணும்: தமிழ்நாட்டுல 1976, 1980, 1988, 1991னு பதினஞ்சு வருஷத்துல நாலு தடவை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துச்சு, 1991க்கு அப்புறம் ஒரு தடவை கூட வரல, ஏன்?

இப்படிக் கேட்ட உடனே வேலை ஆரம்பிக்குது பாருங்க. முதல் பதில் எல்லாருக்கும் தெரிஞ்சது, 1994ல வந்த எஸ்.ஆர்.பொம்மை தீர்ப்பு. பெரும்பான்மை இருக்கா இல்லையான்னு சட்டமன்றத்துலதான் பார்க்கணும், கவர்னர் மாளிகையில பார்க்கக் கூடாது, கலைச்ச காரணத்தைக் கோர்ட் ஆராயலாம், பார்லிமென்ட் ஒப்புதல் குடுக்கிற வரைக்கும் சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லிடுச்சு. சரி, இதுவே முழுப் பதிலா? அப்படின்னா 1994க்கு அப்புறமும் மத்த மாநிலங்கள்ல ஏன் 356 வந்துச்சு? 1999ல பீகார்ல போட்டாங்க, மக்களவையில ஒப்புதல் கிடைச்சுது, மாநிலங்களவையில வாஜ்பாய் அரசுக்கு எண்ணிக்கை இல்லைன்னு தெரிஞ்சதும் சில வாரத்துலயே திரும்பப் பெற்றாங்க. அப்போ ரெண்டாவது பதில், மாநிலங்களவைக் கணக்கு. மூணாவது, குடியரசுத் தலைவர் யாருங்கிறது: 1997ல உத்தரப் பிரதேசத்துக்கும் 1998ல பீகாருக்கும் வந்த பரிந்துரையை கே.ஆர்.நாராயணன் மறுபரிசீலனை பண்ணுங்கன்னு திருப்பி அனுப்பினார். நாலாவது, கூட்டணி ஆட்சிக் காலம், மாநிலக் கட்சிங்க கையிலதான் மத்திய அரசோட உயிரே இருந்துச்சு. ஆனா இங்கயும் ஒரு முடிச்சு இருக்கு: 1998ல அதிமுக ஆதரவுலதான் வாஜ்பாய் அரசு நின்னுச்சு, தமிழ்நாட்டு திமுக ஆட்சியைக் கலைக்கணும்னு அந்தப் பக்கத்துல இருந்து அழுத்தம் இருந்துச்சு, அப்பவும் கலைக்கல, கடைசியில அதிமுக ஆதரவை வாபஸ் வாங்கி 1999 ஏப்ரல்ல அரசே ஒரு ஓட்டுல கவுந்துச்சு. கூட்டணிதான் காரணம்னா கூட்டணிக் கட்சி கேட்டதைச் செஞ்சிருக்கணுமே?

இப்போ உங்க கையில நாலு விளக்கம் இருக்கு, ஒண்ணை ஒண்ணு இடிக்குது, எதுக்கு எவ்வளவு வெயிட்டுன்னு ஆதாரம் வச்சு நிறுவணும். இந்த இடத்துல உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருதா? அதுதான் நான் முதல்ல சொன்ன குணம். ஒரே காரணத்தைப் பிடிச்சுக்கிட்டு முடிச்சிடணும்னு அவசரப்படுறவங்களுக்கு இந்தத் துறை கஷ்டம்.

பயிற்சி என்னன்னா வாரத்துக்கு ஒரு தடவை, நீங்க கோவமா ஷேர் பண்ண ஒரு செய்தியை எடுத்து "ஏன்", "எப்போதிருந்து", "வேற எங்க இப்படி இல்ல"ங்கிற மூணு கேள்வியா எழுதுங்க. பதில் தேட வேணாம், கேள்வியை மட்டும் கூர்மை பண்ணுங்க.

படி 3: மூல ஆவணத்தைப் படிக்கிற பழக்கம்

வாட்ஸப்ல வர்ற சுருக்கத்தையும் யூடியூப் விளக்கத்தையும் வச்சு இந்தப் படிப்பை ஓட்ட முடியாது. ஓட்டலாம், பாஸ் கூட ஆகலாம், ஆனா வேலைன்னு போய் நிக்கும்போது அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

அரசியலமைப்புச் சட்டம் தமிழ்ல இருக்கு, வாங்கி வச்சுக்கங்க, மொத்தமா மனப்பாடம் பண்ண வேணாம், செய்தியில ஒரு பிரிவு வந்தா அன்னைக்கே அதைத் திறந்து படிங்க, அந்தப் பிரிவுக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னும் பாருங்க. அதுக்கு அடுத்தது அரசியல் நிர்ணய சபை விவாதங்கள், 1946 டிசம்பர் 9ல ஆரம்பிச்சு நடந்த பேச்சு எல்லாம் நெட்ல இலவசமா கிடைக்குது. மேல சொன்ன 356 பத்தியே 1949 ஆகஸ்ட்ல அம்பேத்கர் பேசியிருக்கார், இந்தப் பிரிவு பயன்பாட்டுக்கே வராம வெறும் எழுத்தாவே இருந்துடும்னு எதிர்பார்க்கிறதா சொன்னார். அதைப் படிச்சுட்டு அப்புறம் நாடு முழுக்க அது எத்தனை தடவை பயன்பட்டுச்சுன்னு பார்க்கிறப்போ வர்ற அதிர்ச்சி இருக்கே, அது எந்த கைடு புக்லயும் கிடைக்காது.

நம்ம மாநிலத்துல பலரும் கவனிக்காத ஒரு புதையல் துறைவாரியான கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கை நேரத்துல ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்துல வைக்கிற புக், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் அரசு வெப்சைட்ல போடுறாங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு துறையை, பள்ளிக் கல்வியோ ஊரக வளர்ச்சியோ, எடுத்து தொடர்ந்து அஞ்சு வருஷக் குறிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. எந்தத் திட்டம் பேர் மாறி வந்திருக்கு, எது சத்தமில்லாம காணாமப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். பார்லிமென்ட் பக்கம் போனா கேள்வி பதில் இருக்கு, சபை கூடுற ஒரு நாளுக்கு மக்களவையில 20 நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் சபையில வாயால பதில் சொல்றது), 230 நட்சத்திரமில்லாத கேள்வி (எழுத்துல பதில் வர்றது) வரைக்கும் பட்டியல்ல வரும், அமைச்சகம் எழுத்துல குடுத்த பதில் எல்லாம் தேடி எடுக்கலாம். உங்க தொகுதி எம்பி என்ன கேட்டார்னு ஒரு சாயங்காலத்துல பார்த்துடலாம்.

தீர்ப்பு படிக்கப் பயமா இருந்தா முதல்ல சின்னதா ஆரம்பிங்க, 1951ல வந்த செண்பகம் துரைராஜன் தீர்ப்பு நீளமும் கம்மி, சாதி, மதவாரியா இடம் பிரிச்ச சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவு பத்தினது, அதுக்கு எதிரா இங்க எழுந்த போராட்டம், அதே வருஷம் வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம்னு ஒரு தீர்ப்புல இருந்து வீதிக்கும் பார்லிமென்டுக்கும் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பை மாத்த முடியாதுன்னு சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பை முதல் வருஷமே தொடாதீங்க, அது மலை.

படி 4: நம்பரைக் கண்டு ஓடாதீங்க

"கணக்கு வராது, அதான் ஆர்ட்ஸ்"னு வர்றவங்க நிறைய. உண்மையைச் சொல்லணும்னா இன்னைக்கு இந்தத் துறையில வேலைக்கு எடுக்கிற இடங்கள்ல பாதி சண்டை இங்கதான் ஜெயிக்குது. பெரிய கணக்கு எல்லாம் வேணாம், பத்தாங்கிளாஸ் சதவீதமும் சராசரியும் சந்தேகமில்லாம தெரியணும், அப்புறம் எக்ஸெல், அதுக்கப்புறம்தான் ஆர் (R) இல்லைன்னா பைத்தான் மாதிரி டேட்டாவை அலசுற கம்ப்யூட்டர் மொழி.

ஒரு உதாரணம் பாருங்க. 1967 தேர்தல், தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட தேர்தல், திமுக 137 இடம், காங்கிரஸ் 51 இடம். இதை மட்டும் பார்த்தா மக்கள் காங்கிரஸைத் தூக்கி எறிஞ்சுட்டாங்கன்னு தோணும். ஓட்டு சதவீதத்தைப் பாருங்க, ரெண்டு கட்சியும் 41 சதவீதத்தை ஒட்டித்தான், அதுலயும் காங்கிரஸ்தான் ஒரு முடி மேல! எப்படி? காங்கிரஸ் 232 இடத்துல தனியா நின்னுச்சு, திமுக 174 இடத்துல மட்டும் நின்னு மத்த இடங்களை ராஜாஜியோட சுதந்திராக் கட்சி உட்பட கூட்டணிக்கு விட்டுச்சு, நின்ன இடத்துல எல்லாம் எதிர்ப்பு ஓட்டு சிதறாம வந்து விழுந்துச்சு. 2014 மக்களவையில இதுக்கு மறுபக்கம், திமுக 23 சதவீதத்துக்கு மேல வாங்கியும் ஒரு இடம் கூட இல்ல, அதிமுக 39ல 37. கூடுதல் ஓட்டு வாங்கினவர் ஜெயிப்பார்ங்கிற நம்ம தேர்தல் முறை ஓட்டை இடமா மாத்துற விதம் புரியாம பேசுற தேர்தல் அலசல் எல்லாமே அரைகுறைதான்.

இதைக் கையால பழக ஒரு வழி சொல்றேன். தேர்தல் ஆணையத்தோட படிவம் 20னு ஒண்ணு இருக்கு, வாக்குச்சாவடி வாரியா எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டுன்னு முழுசா இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல தொகுதிவாரியா கிடைக்கும். உங்க தொகுதியோடதை எடுங்க. நிறைய ஃபைல் ஸ்கேன் பண்ணின படமாத்தான் இருக்கும், காப்பி பேஸ்ட் ஆகாது, உக்காந்து டைப் பண்ணணும், எரிச்சலாத்தான் இருக்கும். டைப் பண்ணி முடிச்சு வாக்காளர் பட்டியல்ல பாக எண்ணை வச்சு எந்தச் சாவடி எந்தத் தெருன்னு சேர்த்துப் பார்த்தீங்கன்னா உங்க ஊரையே புதுசா பார்ப்பீங்க, "இந்தத் தெரு எப்பவும் அந்தக் கட்சிதான்"னு பெரியவங்க சொன்னதுல எது நிஜம் எது கதைன்னு தெரியும். இதே தொகுதிக்கு ரெண்டு தேர்தலை ஒப்பிட்டு ஒரு ரெண்டு பக்கக் கட்டுரை எழுதினா, டிகிரி சர்டிபிகேட்டை விட அது உங்களைப் பத்தி அதிகம் பேசும்.

கருத்துக் கணிப்பு பத்தியும் அடிப்படை தெரியணும். சரியா ரேண்டமா எடுத்த ஆயிரம் பேர்கிட்ட கேட்டா பிழை வரம்பு கிட்டத்தட்ட மூணு சதவீதம் ரெண்டு பக்கமும், அப்போ ரெண்டு கட்சிக்கும் நடுவுல ரெண்டு சதவீத வித்தியாசம்னு வந்தா அது செய்தியே இல்ல. அதுக்கும் மேல ஓட்டு சதவீதத்தைக் கரெக்டா பிடிச்சாலும் இடமா மாத்துறப்போ கவுந்துடும். 2004லயும் எக்ஸிட் போல் தவறுச்சு, 2024லயும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேலன்னு பல சேனல் சொன்னாங்க, வந்தது 293. ஏன் தவறுச்சுன்னு விளக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நியூஸ் ரூம்ல வேலை இருக்கு.

படி 5: கேட்கத் தெரியணும்

பேசத் தெரியணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, இந்தத் துறையில அதை விடக் கேட்கத் தெரியணும். 1957ல லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சென்னையில இருந்து இங்கத்திய மாணவர்களைக் கூட்டிக்கிட்டு தஞ்சாவூர்ப் பக்கம் அரசியல் கருத்தாய்வு நடத்தப் போனாங்க. அவங்க படிச்ச முறைப்படி ஒரு ஆளைத் தனியா உக்கார வச்சு அவரோட சொந்தக் கருத்தைக் கேட்டு எழுதணும். கிராமத்துல அது நடக்குமா? வீட்டுக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, ஊர்ப் பெரியவங்க எல்லாம் சூழ்ந்து நின்னு சேர்ந்து பதில் சொல்றாங்க. கருத்துன்னா தனி ஆளோட தனிச் சொத்துங்கிற எண்ணத்தையே அவங்க திரும்ப யோசிக்க வேண்டி வந்துச்சு, பின்னாடி அதைப் பத்தி எழுதவும் செஞ்சாங்க. நம்ம மண்ணுல நடந்த இந்த அனுபவத்தை நம்ம பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. மார்கரீட் ராஸ் பார்னெட்னு ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண் அறுபதுகள்ல இங்க வந்து திராவிட இயக்கத்தை ஆராய்ஞ்சுட்டுப் போனாங்க, பின்னாடி ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானாங்க. அவ்வளவு தூரத்துல இருந்து வந்து கேட்டிருக்காங்க, நமக்கு மொழியும் தெரியும், பஸ் ஏறினா போதும்.

பழகுறது எப்படி? வயசான ஒருத்தர்கிட்ட, உங்க பாட்டியா கூட இருக்கலாம், முதல் தடவை ஓட்டு போட்டதைப் பத்தி ஒரு மணி நேரம் கேளுங்க, நடுவுல திருத்தாதீங்க, உங்க கட்சிக் கருத்தைத் திணிக்காதீங்க, அனுமதி கேட்டு ரெக்கார்ட் பண்ணி அப்படியே எழுத்தாக்குங்க. எழுதுறப்போதான் நீங்க எத்தனை இடத்துல அவங்களைப் பேச விடலைன்னு தெரியும். ஆபீஸ்கிட்ட கேக்கிறதும் ஒரு கலைதான்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டா 30 நாள்ல பதில் தரணும். "ஏன் ரோடு போடல"ன்னு கேட்டா பதில் வராது, "இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் இந்த வேலைக்கான பணி உத்தரவு, அளவீட்டுப் புத்தகம் நகல் வேணும்"னு கேட்டா வரும். இருக்கிற ஆவணத்தைத்தான் கேக்கணும், காரணம் கேக்கக் கூடாது.

படி 6: எழுத்து

காலேஜ்ல பத்துப் பக்கம் எழுதினாத்தான் மார்க்னு பழக்கிடுவாங்க. வெளிய வந்தா ஒரு பக்கம்தான் கேப்பாங்க, அதுவும் படிக்கிறவர் கார்ல போற நேரத்துல படிச்சு முடிச்சு முடிவெடுக்கிற மாதிரி. பிரச்சினை என்ன, இப்போ சட்டம் என்ன சொல்லுது, என்னென்ன வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் செலவு என்ன எதிர்ப்பு எங்க இருந்து வரும், உங்க பரிந்துரை என்ன. தொகுதி மறுவரையறையை எடுத்து எழுதிப் பாருங்க: 1976ல 42வது திருத்தம் எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவை இடம்ங்கிறதை 1971 கணக்கெடுப்பு அடிப்படையில நிறுத்தி வச்சது, அப்புறம் 84வது திருத்தம் அதை 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரைக்கும் தள்ளினது, குடும்பக் கட்டுப்பாட்டை நல்லா செஞ்ச மாநிலம் இடத்தை இழக்கணுமாங்கிற தெற்கோட கேள்வி, ஒரு ஆளுக்கு ஒரே மதிப்புங்கிற வடக்கோட வாதம். ரெண்டு வாதத்துக்கும் நியாயம் பண்ணி ஒரே பக்கத்துல அடக்குறது எவ்வளவு கஷ்டம்னு அப்போ தெரியும்.

படி 7: மொழி

தமிழ் நல்லா இருக்கணும், அரசாணைத் தமிழும் வயக்காட்டுத் தமிழும் ரெண்டும். இங்கிலீஷ் படிச்சுப் புரியுற அளவுக்காவது கட்டாயம் வேணும், ஆராய்ச்சிக் கட்டுரை முக்கால்வாசி அதுலதான் இருக்கு, பேச்சு தடுமாறினா கவலைப்படாதீங்க, அது தானா வரும். மூணாவதா ஒரு மொழி தெரிஞ்சா ஒப்பாய்வுக்குப் பெரிய சொத்து, மலையாளமோ தெலுங்கோ இந்தியோ சிங்களமோ, உங்க கேள்வி எந்த ஊரைப் பத்தினதோ அந்த மொழி.

படி 8: சொந்தச் சாய்வைக் கையாளணும்

கட்சி அபிமானம் இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், நம்ம ஊர்ல அரசியல் பேசாத வீடு எது? ஆனா ஒரு பழக்கம் வச்சுக்கங்க, உங்களுக்குப் பிடிக்காத கட்சியோட வாதத்தை அந்தக் கட்சிக்காரரே படிச்சுட்டு "ஆமா, நாங்க சொல்றது இதுதான்"னு ஒத்துக்கிற மாதிரி எழுத முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா இன்னும் அவங்களைப் புரிஞ்சுக்கலைன்னு அர்த்தம். சாதி, மதம், ஈழம், இட ஒதுக்கீடுன்னு நமக்கு ரத்தம் கொதிக்கிற இடத்துலதான் இது ரொம்பத் தேவைப்படும், நம்ம பக்கம் பலவீனமா இருக்கிற ஆதாரத்தை நாமளே முதல்ல எடுத்துச் சொல்ற நேர்மை வரணும்.

படி 9: எங்க படிக்கிறது

ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூவுலயே நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல அரசியல் அறிவியல் பாடமா இருக்கு, எடுக்காதவங்களும் அந்த ரெண்டு புக்கை டவுன்லோட் பண்ணி லீவுல படிச்சுடுங்க. பிஏவுக்கு சென்னையில மாநிலக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியே போதும், ஃபீஸ் ரொம்பக் கம்மி. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்சவங்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்னு மாசம் ஆயிரம் ரூபா திட்டமும் வந்திருக்கு, விதிமுறையைக் கேட்டுக்கங்க. பிஏ வேற சப்ஜெக்ட்ல முடிச்சுட்டு எம்ஏவுக்கு இங்க வர்றதும் நடக்குது, வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரே கெமிஸ்ட்ரி டிகிரி முடிச்சுட்டு அப்புறம் பொலிட்டிகல் சயின்ஸ் எம்ஏ, ஜேஎன்யூவுல பிஎச்டின்னு போனவர்தான்.

எம்ஏவுக்கு சென்னைப் பல்கலைக்கழகம், பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், ஹைதராபாத், டெல்லி, ஜேஎன்யூன்னு பார்க்கலாம், மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பாலும் சியூஇடி பிஜிங்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். காலேஜ் பேரை விட ஒண்ணு முக்கியம்: நல்ல லைப்ரரி பக்கத்துல இருக்கா? சென்னையில இருக்கிறவங்களுக்கு எழும்பூர்ல கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில ரோஜா முத்தையா நூலகமும் இருக்கு, இதுல ஒண்ணுல கூட கால் வைக்காம டிகிரி முடிச்சா அது பெரிய நஷ்டம்.

படி 10: எந்த வேலைக்கு எது தேவை

யூபிஎஸ்சி: விருப்பப் பாடமா பொலிட்டிகல் சயின்ஸும் சர்வதேச உறவும் சேர்ந்து ரெண்டு பேப்பர், 500 மார்க், தமிழ்லயும் எழுதலாம், பொது அறிவுப் பேப்பர்லயும் பாதி உதவும். ஆனா இந்தப் படிப்பையே யூபிஎஸ்சி கோச்சிங்கா நினைச்சு எடுத்தீங்கன்னா ரெண்டுலயும் நஷ்டம் வரலாம், வருஷக்கணக்கா எழுதி முப்பது வயசுல வேற எந்த அனுபவமும் இல்லாம நிக்கிறவங்க நம்மைச் சுத்தி எத்தனை பேர். எழுதுங்க, கூடவே வேற ஒரு திறமையையும் கையில வச்சுக்கங்க.

டீச்சிங்கும் ஆராய்ச்சியும்னா நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வு, நெட்ல நல்ல மார்க் வாங்கி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 உதவித்தொகையோட பிஎச்டி பண்ணலாம். இதுக்குப் பொறுமைதான் முதல் தகுதி, ஒரே கேள்வியோட அஞ்சு வருஷம் வாழணும், நிரந்தரப் பணி கிடைக்கக் காத்திருப்பும் அதிகம், அதை மறைச்சுச் சொல்றது சரியில்ல.

கொள்கை ஆராய்ச்சிப் பக்கம் வந்தா பார்லிமென்ட் மசோதாக்களை ஆராயுற பிஆர்எஸ்ங்கிற அமைப்பு நடத்துற லாம்ப் ஃபெல்லோஷிப், 2010ல ஆரம்பிச்சது, ஒரு எம்பிகூட இருந்து கேள்வி தயார் பண்றது, மசோதாவுக்குக் குறிப்பு எழுதுறதுன்னு பார்லிமென்ட்டை உள்ள இருந்து பார்க்கலாம், வயசு வரம்பு 25ங்கிறதால டிகிரி முடிச்ச கையோட போட்டுடணும். தமிழ்நாட்டுல 2022ல வந்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இன்னொண்ணு, அறிவிப்பு வரும்போது தகுதியைப் பாருங்க. தேர்தல் டேட்டா, சர்வேன்னா டெல்லியில சிஎஸ்டிஎஸ்ங்கிற ஆய்வு மையத்தோட லோக்நீதி பிரிவு தேர்தல் நேரத்துல மாநிலம் மாநிலமா களப்பணிக்கு மாணவர்களை எடுக்கிறது வழக்கம், நாலாவது அஞ்சாவது படியைச் செஞ்சவங்களுக்கு அங்க நல்ல பயிற்சி கிடைக்கும்.

தேர்தல் வியூக நிறுவனங்கள் இப்போ நிறைய ஆள் எடுக்குது, 2021ல திமுகவுக்கு ஐபேக் வேலை செஞ்சதுக்கு அப்புறம் எல்லாக் கட்சிக்கும் இந்த ஆசை வந்துடுச்சு. சம்பளம் நல்லா இருக்கும், கத்துக்கவும் நிறைய இருக்கும், ஆனா பல வேலை ஓட்டு எண்ணிக்கையோட முடிஞ்சிடும், நீங்க நம்பாத கட்சிக்கும் வேலை செய்ய வேண்டி வரும், அதுக்கு மனசு ஒப்புமான்னு முன்னாடியே உங்களை நீங்க கேட்டுக்கணும். பத்திரிகை, மனித உரிமை அமைப்பு, சட்டப் படிப்பு, வெளிநாட்டுத் தூதரக வேலைன்னு இன்னும் கிளை இருக்கு, எல்லாத்துக்கும் அடிப்படை மேல சொன்ன அதே பழக்கங்கள்தான்.

படி 11: அப்ளை பண்றப்போ கையில என்ன இருக்கணும்

மார்க் ஷீட்டோட மூணு விஷயம் வச்சிருங்க. ஒண்ணு, உங்க தொகுதியோட படிவம் 20 எக்ஸெல் ஃபைலும் அதைப் பத்தின ரெண்டு பக்கமும். ரெண்டாவது, தமிழ்ல ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு ஒரு பக்கக் கொள்கைக் குறிப்பு. மூணாவது, நீங்க போட்ட ஆர்டிஐ மனுவும் வந்த பதிலும், பதில் வரலைன்னா கெடு முடிஞ்ச 30 நாளுக்குள்ள போட்ட மேல்முறையீட்டு நகலும். இன்டர்வியூல "உனக்கு ஏன் இதுல ஆர்வம்"னு கேட்டா சின்ன வயசுல இருந்தே அரசியல் பிடிக்கும்னு ஆரம்பிக்காதீங்க, அந்த ஃபைலைத் திறந்து வச்சு, இந்தச் சாவடியில ரெண்டு தேர்தலுக்கு நடுவுல ஓட்டு ஏன் இப்படி மாறுச்சுன்னு எனக்கு இன்னும் முழுசா பிடிபடல, இதுவரைக்கும் நான் கண்டுபிடிச்சது இதுன்னு பேச்சை அங்க இருந்து எடுங்க.